திடல் யாருடையது?

விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தவனை நம்மவர் சற்று இளக்காரமாகவே பார்ப்பர். கூலி உயர்வு, குடியிருப்பு வசதி, பிள்ளைகளின் கல்வி, கள்ளின் கேடு என எத்தனையோ பிரச்சினைகள் நம்மைச் சூழ்ந்து நிற்கையில், ஒரு தோற்பந்தையும் அதனை உதைக்கும் பதினொருவரையும் பற்றிப் பத்திரிகையின் பக்கங்களை நிரப்புவது தகுமோ என்று கேட்போர் கேட்கட்டும். நான் எழுதப் புகுந்தது பந்தைப் பற்றியன்று. அது உருளும் நிலத்தைப் பற்றியே. நிலம் யாருடையது என்னும் கேள்வி, கூலிக் கேள்விக்கும் கல்விக் கேள்விக்கும் எட்ட நிற்பதன்று. அவையிரண்டும் பிறக்கும் இடமே அதுதான்.

கல்லூரிக் காற்பந்தின் சரித்திரத்தை எழுதுவோர் வீரர்களின் பெயர்களைக் குறிப்பர். வென்ற கோப்பைகளை எண்ணுவர். அவ்வீரர்கள் ஆடிய திடல் யாருடையது, அதனுள் நுழையும் உரிமை எவருக்கு இருந்தது, வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தவர் எவர் என்பதைக் குறிப்போர் சிலரே. ஆங்கில நூல்களின் வாயிலாகவும், பேராக்கின் பழைய பள்ளிகளை நேரிற் கண்டும் அச்சரித்திரத்தை நான் ஓரளவு அறிந்திருக்கிறேன். அது எனக்கு உணர்த்திய உண்மை ஒன்றே. குழு சேர்ந்தபின் திடல் தோன்றுவதில்லை. திடல் இருந்தால்தான் குழு தோன்றும்.

முதலில் ஈப்போவைப் பார்ப்போம். அந்நகரின் பழைய பகுதியில் பாடாங் எனப்படும் பசுந்திடல் ஒன்றுண்டு. அதன் ஒரு புறத்தில் வெள்ளைக்காரத் துரைமார் கூடிய ஈப்போ கிளப். அது 1895இல் தோன்றியது. மற்றொரு புறத்தில், லாசால் சபைத் துறவியர் 1912இல் நிறுவிய செயின்ட் மைக்கேல் கல்விநிலையம் கோட்டைபோல் நிமிர்ந்து நிற்கிறது. அதே நகரில் 1895இல் மெதடிஸ்ட் பாதிரியார் ஹார்லி தொடங்கிய ஆங்கிலோ-சைனீஸ் பள்ளியும், 1909இல் திறக்கப்பட்ட ஆண்டர்சன் பள்ளியும் உள்ளன. வடக்கே தைப்பிங்கில் ஏழாம் எட்வர்ட் பள்ளி. கோலகங்சாரில், மலாய்ப் பிரபுக்களின் மைந்தருக்கென 1905இல் எழுந்த மலாய்க் கல்லூரி. இவற்றில் எதனைப் போய்ப் பார்த்தாலும், கட்டடத்தின் முன்னோ பின்னோ விரிந்த புல்வெளி ஒன்று கண்ணிற் படும். ஆங்கிலக் கல்வியை வகுத்தவர்கள் வகுப்பறைக்கு அளித்த மதிப்பைத் திடலுக்கும் அளித்தார்கள். நாளை நாட்டை ஆளப்போகிறவனும், அலுவலகத்தில் ஆணையிடப் போகிறவனும் சேர்ந்து உழைக்கவும், தோல்வியைத் தாங்கவும், தலைமை ஏற்கவும் அங்கேதான் கற்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்ற நானும் அத்தகைய திடலின் பயனை நுகர்ந்தவனே. மாலை மணியடித்தால் பந்து வரும், கோடுகள் வெள்ளை வெளேரென்று இடப்பட்டிருக்கும், புல் வெட்டப்பட்டிருக்கும். எங்களுக்கு அவை காற்றும் வெயிலும்போல இயல்பாகக் கிடைத்தன. என் வயதொத்த தோட்டத்துப் பையனுக்கோ அவற்றில் ஒன்றுகூட இயல்பாகக் கிடைப்பதில்லை என்பதை, நான் கிராணி வேலைக்கு வந்தபின் நாள்தோறும் கண்ணாற் காண்கிறேன்.

பள்ளித் திடல்களில் பயின்ற கால்களே பின்னர் மாநிலக் குழுக்களில் ஆடின. எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பல் 1921இல் இந்நாட்டுக்கு வந்து சென்றதன் நினைவாக அளிக்கப்பட்ட கோப்பைதான், இன்றைய மலேசியக் கிண்ணத்தின் மூலம். பேராக் அதனை 1926இலும் 1931இலும் வென்றது. விடுதலை பெற்ற 1957இலும் வென்றது. 1965இல் ஈப்போவில் பேராக் விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. அதன்பின் 1967, 1970, 1998, 2000, 2018 ஆகிய ஆண்டுகளிலும் கோப்பை நம் மாநிலத்துக்கு வந்தது. 1972இல் மூனிக் ஒலிம்பிக்கிற் கலந்துகொண்ட மலேசியக் குழுவில் மு. சந்திரன் இருந்தார். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும், அரசியற் காரணத்தாற் செல்லாது நின்ற குழுவின் கோல்காவலர் ஆறுமுகம். "ஸ்பைடர்மேன்" என்று நாடே அவரை அழைத்தது. 1988இல் கார் விபத்தொன்றில் அவர் மறைந்தபோது, இனம் பாராது எல்லோரும் கண்ணீர் விட்டனர். இப்பெயர்களைச் சொல்லும்போதெல்லாம் நம் நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும். ஆனால் பெருமையோடு ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். திடலிருந்தவரிலிருந்து இத்தகையோர் தோன்றினர். திடலில்லாதவரில் எத்தனை பேர் தோன்றாமலே போயினர்?

திடலைச் சுற்றி வேலியிடுவது நம் நாட்டிற்கு மட்டும் உரிய வழக்கமன்று. வேலிகள் பலவகை. அவற்றில் முதலாவது பிறப்பு வேலி.

கல்கத்தாவில் 1877இல், ஹேர் பள்ளி மாணவனாயிருந்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் சிறுவன், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடிய பந்தை உதைத்துப் பார்த்துத் தன் தோழர்களைக் கூட்டிக்கொண்டு ஆடத் தொடங்கினான். வங்காளத்து மாணவர்களிடையே காற்பந்து பரவியது அவனாலேயே என்பர். வளர்ந்தபின் அவர் நடத்திய வெலிங்டன் கழகத்தில், மணி தாஸ் என்னும் குயவர் மகனைச் சேர்க்க விரும்பினார். மேற்சாதிக் கனவான்கள் எதிர்த்தனர். சர்வாதிகாரி என்ன செய்தார்? மணி தாஸை விலக்கவில்லை, கழகத்தையே கலைத்துவிட்டார். பின்னர் அவர் முன்னின்று அமைத்த சோவாபஜார் கழகத்தில் சாதி கேட்கப்படவில்லை. அக்கழகம் 1892இல் டிரேட்ஸ் கோப்பைப் பந்தயத்தில் கிழக்கு சர்ரே என்னும் வெள்ளையர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்தது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1911 ஜூலை 29இல், மோகன் பகான் குழுவினர் ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடிக் கிழக்கு யார்க்ஷயர் படையை அதே 2-1 கணக்கில் வென்றனர். திடலோ ஆங்கிலேயர் கழகத்துடையது. உள்ளே இடமில்லாத ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றனர். கோல் நிலவரத்தை அவர்களுக்கு அறிவிக்கப் பட்டம் பறக்கவிட்டார்களாம். வென்றவன் திடலில், வென்றவனுடைய மக்கள் வேலிக்கு வெளியே! அந்தப் பட்டங்களைப் பற்றிப் படித்தபோது, எனக்கு வெற்றியின் மகிழ்ச்சியைவிட வேலியின் உயரமே பெரிதாகத் தோன்றியது.

இரண்டாவது வேலி நிறம். அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் காற்பந்து நம்முடையது போன்றதன்று. முட்டைவடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. ஆனால் கல்லூரித் திடல்கள் அங்கே பெற்ற பெருமையை உலகில் வேறெங்கும் பெற்றதில்லை. 1869இல் பிரின்ஸ்டன், ரட்கர்ஸ் என்னும் இரு கல்லூரிகள் முதன்முதல் மோதின. 1903இல் ஹார்வர்டு கல்லூரி இரும்பும் சிமெண்டும் கலந்து ஒரு பேரரங்கைக் கட்டியது. அதற்குச் சில ஆண்டுகளில் ஆட்டத்தின் முரட்டுத்தனத்தாற் பல இளைஞர் மாண்டபோது, திடலை அகலமாக்கி நெருக்கத்தைக் குறைக்கலாமென்று ஒரு யோசனை எழுந்தது. ஹார்வர்டின் அரங்கோ அகலமாக்க முடியாதபடி கட்டப்பட்டிருந்தது. ஆகவே அந்த யோசனையைக் கைவிட்டு, பந்தை முன்னோக்கி எறியலாம் என்று 1906இல் விதியையே மாற்றினார்கள். அரங்கு ஆட்டத்துக்காக என்றிருந்தது போய், ஆட்டம் அரங்குக்காக வளைந்தது! நிலத்தை வைத்திருப்பவனே விதியை வைத்திருப்பவன் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? 1914இல் யேல், 1927இல் மிச்சிகன் என அரங்குகள் பெருகின. மிச்சிகன் அரங்கில் இன்று 107,601 பேர் அமரலாம்.

அவ்வளவு பெரிய அரங்குகளில் கறுப்பு மக்களின் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் இடமில்லை. ஐயோவா ஸ்டேட் கல்லூரியின் முதற் கறுப்பு விளையாட்டு வீரரான ஜாக் டிரைஸ், 1923 அக்டோபர் 6இல் மினசோட்டாவில் ஆடியபோது பலத்த காயமுற்று, இரண்டே நாளில் உயிர் நீத்தார். மாணவர்கள் பல்லாண்டுகள் போராடியபின், 1997இல் அக்கல்லூரி அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. எழுபத்து நான்கு ஆண்டுகள்! தெற்கே அலபாமாவில், வெள்ளையரே நிரம்பிய பல்கலைக்கழகக் குழுவை, 1970இல் கறுப்பு வீரர்கள் பலரைக் கொண்ட தென் கலிபோர்னியக் குழு பர்மிங்காமுக்கே வந்து 42-21 என்று முறியடித்தது. நிற வேலி அங்கே சரிந்ததற்கு அந்த ஆட்டமும் ஒரு காரணம் என்று கூறுவோர் பலர்.

மூன்றாவது வேலி யுத்தம். யாழ்ப்பாணத்தில் செயின்ட் பேட்ரிக்ஸ், மத்திய கல்லூரி, செயின்ட் ஜான்ஸ், யாழ் இந்து என்று கல்லூரிகள் நூறாண்டுக்கு மேலாகத் திடலோடு வாழ்ந்து வந்தன. அக்கல்லூரிகளிற் கற்று மலாயாவுக்குக் கிராணிகளாயும் ரயில்வே உத்தியோகஸ்தர்களாயும் வந்தவர் பலர். ஏட்டோடு பந்தையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். அந்நகரின் நடுவே, 1975இற் கொல்லப்பட்ட மேயர் துரையப்பாவின் பெயர்தாங்கிய அரங்கு போரினால் பாழ்பட்டுக் கிடந்தது. 1999இல் அதனைச் சீர்செய்ய மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 2016 ஜூன் மாதத்தில் அது மீண்டும் திறக்கப்பட்டது. பிள்ளைகள் ஓடவேண்டிய மண்ணின் கீழே பிணங்கள்! அதன்மேல் மறுபடியும் புல் வளர்ந்து, மறுபடியும் சிறுவர் ஓடுகிறார்கள் என்றால், திடல் ஒரு சமூகத்துக்கு எத்தகைய உயிர்நாடி என்பதை நாம் உணரலாம்.

நான்காவது வேலி எங்களுடையது. அது முள்வேலியன்று, கிரயப் பத்திரம்.

நான் வாழும் சிலிம் ரிவர், ஈப்போவிலிருந்து தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூர். உலகச் சரித்திரத்தில் எங்களூரின் பெயர் ஒரே ஒரு நாளுக்காகப் பதிவாகியுள்ளது. 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன், ஜப்பானியரின் டாங்கிகள் பெருஞ்சாலை வழியே பாய்ந்து பிரிட்டிஷ் படையைச் சிதறடித்தன. அந்த ஒரு காலைப் பொழுதைப் பற்றிப் புத்தகங்கள் பல உண்டு. அச்சாலையின் இருமருங்கிலும் இருந்த பால்மரக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் மாலைப் பொழுதை எங்ஙனம் கழித்தனர் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை என்றே எண்ணியிருந்தேன். எங்கள் காரியாலயத்துப் பழைய பேரேடுகளில் அது கிடைத்தது.

1958ஆம் ஆண்டின் செலவுப் புத்தகம் அது. எனக்கு முன்னிருந்த யாரோ ஒரு கிராணி அழகிய ஆங்கிலக் கையெழுத்தில் எழுதியிருக்கிறார். கோல் கம்பங்களுக்கு மரம்; கோடு போடச் சுண்ணாம்பு; தோற்பந்து இரண்டு; ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துக்குப் பந்தயம் ஆடச் சென்ற லாரிக்கு எண்ணெய். பழைய நிலப்படத்தில், ஆயாக் கொட்டகைக்கும் பிரட்டுக் களத்துக்கும் இடையே ஒரு செவ்வகம் வரைந்து, அதனுள் காற்பந்துத் திடல் என்று குறித்திருக்கிறது. பின்னர் வந்த நிலப்படத்தில் அச்செவ்வகம் இல்லை. அவ்விடத்தில் மறுநடவு செய்த ஆண்டும் செம்பனை என்ற குறிப்புமே உள்ளன.

லயத்துக் கடைசி வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் இதனைப் பற்றிக் கேட்டேன். "தாத்தா, நீங்கள் அந்தத் திடலில் ஆடியதுண்டா?"

"ஆடாமலென்ன, கிராணியாரே! விடியற்காலை பால்வெட்டு, மத்தியானம் பால் நிறுவை, சாயங்காலம் பந்து. இரண்டு வாளிப் பாலைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு மேடேறின காலுக்குப் பந்து ஒரு பாரமா? பூட்ஸ் எல்லாம் எங்களுக்கு ஏது? புல்டோசர் வந்த அன்றைக்குக் கோல் கம்பத்தை மட்டும் நாங்கள் பிடுங்கிக்கொண்டு வந்தோம். அப்புறம் அது துணி காயப்போடுகிற கம்பமாயிற்று."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிராணியின் புத்தி கணக்கின்மேற் செல்வது இயல்பு. நானும் கணக்கிட்டேன். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள முழுத் திடலுக்கு வேண்டிய நிலம் ஒன்றேமுக்கால் ஏக்கர். ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்டால், அந்நிலத்தில் ஏறத்தாழ நூறு செம்பனை நிற்கும். பல்லாயிரக்கணக்கில் மரமுள்ள ஒரு தோட்டத்துக்கு நூறு மரம் எம்மாத்திரம்? அந்த நூறு மரங்களின் காய்க்காக ஒரு சமூகத்தின் மாலைப் பொழுது முழுவதும் விலை போயிற்று. மாலையில் ஓட இடமின்றிப் போன கால்கள் எங்கே சென்றன என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. கள்ளுக்கடைக்கு வழி கேட்டுச் சென்றவர் எவருமில்லை. வேறு வழி இல்லாமற் சென்றவரே அதிகம்.

அன்பர்களே, இது எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று ஆராய்வோம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பத்தோ அதற்கு மேலோ பிள்ளைகள் உள்ள தோட்டத்திற் பள்ளி வைக்கவேண்டுமென்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. பள்ளி வந்தது, பல இடங்களில் ஒற்றை அறையாக வந்தது. திடலோ துரையின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாயிற்று. நல்லெண்ணத்தினாற் கிடைத்தது நல்லெண்ணம் மறைந்ததும் மறைந்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்கத் தொடங்கின. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனை போய் வீட்டுமனை வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் முதலில் மறைந்தது திடலே. ஏனெனில், அது எவர் பெயரிலும் இல்லை. கோயிலுக்காவது வழக்காடக் கமிட்டி உண்டு. திடலுக்கு யார் உண்டு?

நிலத்தைக் கேட்டுப் பெறுவதும் வாங்குவதும் நம்மால் ஆகாத காரியமன்று. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தைக் கொண்டு தோட்டங்களையே விலைக்கு வாங்கிக் காட்டியது. பால்வெட்டும் கை தோட்டத்துக்கு உடைமைக் கையெழுத்திட முடியுமென்பதை இம்மாநிலத்தவர் ஒருவரே மெய்ப்பித்தார். தோட்டத்தை வாங்கிய சமூகத்துக்கு ஒரு திடலைக் காப்பது மலையோ?

திடலின்றிக் குழு மட்டும் அமைத்தால் என்னாகும் என்பதற்கும் அண்மைக்கால உதாரணம் உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு 2017இல் நாட்டின் பிரிமியர் லீகில் இடம்பெற்றது. உயர்ந்து சூப்பர் லீகுக்கும் சென்றது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறியது. நம் இளைஞர் பலர் அதில் ஆடினர். 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு அக்குழு லீகிலிருந்து விலகிவிட்டது. அது ஆடிய அரங்கு மாநகர் மன்றத்துடையது. குழு மறைந்தபின் நமக்கென்று எஞ்சிய புல்தரை ஒரு சாண்கூட இல்லை. திடலும் பயிற்சிக் கூடமும் நம் பெயரில் இருந்திருந்தால், ஒரு குழு போனாலும் மறு குழு அங்கே முளைத்திருக்கும்.

"பரீட்சையில் தேறட்டும்; பந்தா சோறு போடும்?" என்று பெற்றோர் கேட்கின்றனர். பந்து சோறு போடாது, மெய்தான். ஆனால் மேலே சொன்ன ஆங்கிலப் பள்ளிகளைப் பாருங்கள். அங்கே பயின்றவர்கள் பந்தாடியதாற் பரீட்சையிற் பின்தங்கினார்களா? டாக்டர்களும் வக்கீல்களும் அங்கிருந்துதானே வந்தார்கள்? தங்கள் பிள்ளைக்கு ஏடும் திடலும் சேர்ந்தே வேண்டுமென்று செல்வர் அறிந்து வைத்திருக்கிறார்கள். ஏழையின் பிள்ளைக்கு மட்டும் ஏடு போதும், திடல் வேண்டாம் என்பது எந்த நியாயம்? அதிலும் நம் பெண்பிள்ளைகளுக்கு ஏடே போதும், ஓட்டம் ஆகாது என்பது இன்னும் பெரிய அநியாயம். திடல் என்று நான் சொல்லும்போதெல்லாம் பெண்கள் ஆடும் திடலையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனிச் செய்யவேண்டுவது யாது? தோட்ட நிலத்தைத் துண்டாக்கி விற்பதற்கு மாநிலத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டுமென்று தேசிய நிலச் சட்டம் விதித்துள்ளது. அந்த அனுமதி கேட்கப்படும் வேளைதான் நாம் விழித்திருக்க வேண்டிய வேளை. பள்ளிக் கட்டடத்தோடு திடலையும் அளந்து, பள்ளியின் பெயரில் தனிப் பட்டா தரவேண்டுமென்று பெற்றோர் சங்கமும் தொழிற்சங்கமும் ஒரே குரலிற் கேட்கவேண்டும். இந்நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அவற்றிற் பல இன்னும் பிறர் நிலத்தில் நிற்கின்றன. தத்தம் பள்ளியின் நிலம் எவர் பெயரிலுள்ளது, அதன் பரப்பு எவ்வளவு என்பதைப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். நில அலுவலகத்திற் கட்டணம் செலுத்தித் தேடினால் அவ்விவரம் கிடைக்கும். காகிதம் எழுதத் தெரிந்த கிராணிமார் இதற்கு உதவுதல் கடமை. திருவிழாச் செலவில் வாணவேடிக்கைக்கென்று ஒதுக்கும் தொகையை ஓராண்டு மட்டும் திடலுக்கு ஒதுக்கினால், சுண்ணாம்புக்கும் பந்துக்கும் கோல் கம்பத்துக்கும் அது தாராளமாகப் போதும். குழு சேர்க்கையில் குலமும் கோத்திரமும் கேட்கும் கமிட்டி எங்கேனும் இருப்பின், சர்வாதிகாரி செய்ததுபோல் அதனைக் கலைத்துவிட்டுப் புதிதாய் அமைப்பதே நேர்மை.

நூறு மரம் நிற்குமிடத்தில் தலைமுறைக்கு ஆயிரம் பிள்ளைகள் ஓடலாம். மரத்துக்கு முப்பது ஆண்டுகூடக் கணக்கில்லை. பட்டா பெற்ற திடலுக்கோ காலவரையறை இல்லை. கம்பெனிகள் மாறும், பயிர்கள் மாறும், கிராணிகளும் மாறுவோம். பள்ளியின் பெயரிற் பதிவான நிலத்தை மட்டும் எந்தக் கைமாற்றமும் தீண்டாது. அடுத்த தோட்டம் விலைபேசப்படுமுன் அந்தப் பதிவு நடந்தாக வேண்டும்.